ஏழாவது வகுப்பு வரை

புதிதாகக் கேமரா வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் பூவைத்தான் எடுக்கிறார்கள். நானும் பூவைத்தான் எடுத்தேன். கோட்டூர்புரத்தில் ஒரு வீட்டு மதிலுக்கு வெளியே தொங்கிய செம்பருத்தி. பூ மங்கலாகவும், அதற்குப் பின்னால் இருந்த மின்சாரப் பெட்டி பளிச்சென்றும் வந்தது. எது முக்கியம் என்று நாம் சொல்லாவிட்டால் கேமரா தனக்குத் தோன்றியதை முக்கியமாக எடுத்துக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் குருபிரசாத் சார். நல்ல வாத்தியார். கோபப்பட மாட்டார். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் பெயர் சேட்டு. வயது நாற்பத்து நான்கு. சாரம் கட்டுகிறவன். கட்டடத்துக்கு வெளியே சவுக்குக் கழி நட்டு, கயிறு போட்டு, ஆள் நின்று வேலை செய்யப் பலகை விரிப்பது என் தொழில். பதினெட்டு வயதில் கழி சுமக்க ஆரம்பித்தேன். முன்பு ஆற்றோரம் இருந்தோம். வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் கொண்டுபோய் விட்டார்கள்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் அன்வர் பாஷா. அவர் எங்கள் மேஸ்திரி. போன ஞாயிறு ஒன்பதாம் தேதி காலையில், மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் மூன்று மாடிக் கட்டடத்துச் சாரத்திலிருந்து குருபிரசாத் சார் விழுந்து இறந்துபோனார். சாரம் சரியில்லை என்று அன்வர் பாஷாவைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அந்தச் சாரத்தைக் கட்டியவன் நான். அவர் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துச் சரி சொன்னார். இருபத்தாறு வருடத்தில் நான் போட்ட முடிச்சு எதுவும் தானாக அவிழ்ந்ததில்லை. இதுவும் தானாக அவிழவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். அதற்கு என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கபாலி என்னைவிட ஆறு வயது சின்னவன். சாக்கடைக் குழியில் அடைப்பு எடுக்கிற வேலை. இறங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவனுக்கென்று ஒரு முறை வைத்திருந்தான். மூடியைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு பீடி குடிக்கிற நேரம் தள்ளி நிற்பான். மார்பில் கயிறு கட்டாமல் இறங்க மாட்டான். ஒரு தடவை இறங்கி ஏறிவிட்டால் அதே குழிக்குள் ஒரு மணி நேரத்துக்கு இறங்க மாட்டான். சேற்றைக் கிளறிவிட்டால் அப்போதுதான் விஷக்காற்று கிளம்பும் என்பது அவனுக்குத் தெரியும். பதினோரு வருடம் இந்த முறை அவனைக் காப்பாற்றியது.

மூன்று வருடத்துக்கு முன்னால் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, அதன் வாசலில் ரோட்டோரக் குழி. எனக்கு அன்றைக்குச் சாரம் வேலை இல்லை. மேலே நின்று கயிறு பிடிக்கவும் வாளி தூக்கவும் நான் போயிருந்தேன். கபாலி இறங்கினான், ஏறினான், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இறங்கினான். நான் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது குழிக்குள்ளிருந்து பதில் இல்லை. தீயணைப்பு வண்டி வந்துதான் எடுத்தார்கள்.

குடியிருப்புக்காரர்கள் அவன் குடித்திருந்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவன் குடிக்க மாட்டான். அந்த வழக்கு அத்தோடு முடிந்தது. முடியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் இரண்டு தடவை இறங்கியதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். அதைக் கபாலியின் மனைவி ரத்னாவிடம் சொல்லிவிட்டார். "அவரு ஏன் மாமா ரெண்டாந்தபா எறங்குனாரு?" என்று அவள் என்னைக் கேட்காத வாரம் கிடையாது. சோறு போடும்போது கேட்பாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் ஒருவேளை பழகியிருக்கும். அவள் மணி என்ன என்று கேட்பது மாதிரி கேட்பாள்.

போன ஆவணியில் லஸ் முனையில் ஒரு ஜெராக்ஸ் கடைச் சுவரில் கபாலியைப் பார்த்தேன்.

போஸ்டர். 'எட்டே ஞாயிறுகளில் டிஜிட்டல் கேமரா பழகலாம், தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு' என்று போட்டிருந்தது. அதற்கு மேலே குழியிலிருந்து தோள் வரை தெரிகிற கபாலி. கறுப்பு வெள்ளைப் படம். புருவத்தில் ஒட்டியிருந்த சேறு கூட எண்ணுகிற மாதிரி இருந்தது. எங்களிடம் அவன் படம் என்று இருந்தது ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிசு பண்ணியதுதான். அதில் அவன் யாரோ மாதிரி இருப்பான். நான் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பசையை ஊறவைத்து, கிழியாமல் எடுத்துக்கொண்டு போனேன்.

இப்போது யோசித்தால், அதை அவளிடம் காட்டியிருக்க வேண்டாம்.

ரத்னா அதைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தாள். அழவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா, இது எறங்கும்போது எடுத்ததா, ஏறும்போது எடுத்ததா?"

"எனக்கு இன்னா தெரியும்?"

"நீ பக்கத்துல தானே இருந்த."

"டீ வாங்கப் போய்ட்டேன்னு எத்தினி தபா சொல்றது."

"தோள்ல கயிறு காணோம் பாரு. நீதானே கட்டி வுட்ட?"

"அவனே அவுத்திருப்பான். கசகசன்னு கீதுன்னு சொல்லிக்கினே இருந்தான்."

"அவுக்கற ஆளா அவரு?" என்றாள். பிறகு போஸ்டரின் அடியில் விரல் வைத்தாள். "நம்பர் கீது பாரு. போய்ச் சேந்துக்க. யாரு எடுத்தது, எத்தினி மணிக்கு எடுத்தது, எதுக்கு மறுக்கா எறங்குனாரு, எல்லாம் கேட்டுக்கினு வா. நான் போனா கேட்லயே நிக்க வெச்சிருவாங்க."

தி. நகரில் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். பாடியில் கீறல் இருந்தது, லென்ஸ் சுத்தமாக இருந்தது. சாரத்தின் மேல் உட்கார்ந்து அதை நோண்டிக்கொண்டிருந்ததை அன்வர் பாஷா பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பொண்ணு பாக்கப் போறியா, கல்யாண வூட்டுக்கு போட்டா எடுக்கப் போறியா? ரெண்டுல எதுனாலும் மொதல்ல குளி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வகுப்பு காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில். பதினோரு பேர். என்னைத் தவிர எல்லாரும் காரிலோ ஸ்கூட்டரிலோ வந்தவர்கள். என் பக்கத்தில் ராஜகோபாலன் என்ற பெரியவர் உட்கார்ந்தார்; பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். "ஆத்துக்காரியை எடுத்தா வயசாத் தெரியறதுன்னு திட்டறா சேட்டு. அவ வார்த்த அடையை எடுத்தேன், வாட்ஸப்ல நாப்பது பேருக்கு அனுப்பிட்டா" என்று முதல் நாளே சொன்னார். எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அந்த இடத்தில் யாரும் என்னை வாசலில் நிறுத்தவில்லை.

குருபிரசாத் சாருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் பாடம் கேமராவைப் பிடிப்பது. இடது கையை லென்ஸுக்கு அடியில் ஏந்தினாற்போல் வைக்க வேண்டும், முழங்கையை விலாவோடு சேர்க்க வேண்டும், மூச்சைப் பாதி விட்டு நிறுத்திவிட்டு அழுத்த வேண்டும். அவரே என் இடது கையைப் பிடித்து லென்ஸுக்கு அடியில் வைத்தார். என் மோதிர விரல் பாதிதான்; பலகை அறுக்கும்போது போனது. அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. "உங்க கை ஆடவே ஆடலை சேட்டு. கான்கிரீட் தூண் மாதிரி இருக்கு. இவங்களுக்கெல்லாம் ஆறு மாசம் ஆகும்" என்றார். என் வேலையைப் பார்த்து ஒருவர் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் வாரம் வெளிச்சம். உச்சி வெயிலில் முகத்தை எடுக்காதே, கண்ணுக்குக் கீழே பள்ளம் விழும். காலை ஏழுக்குள்ளே எடு, இல்லாவிட்டால் நிழலுக்குக் கொண்டுபோய் எடு. இதெல்லாம் எனக்குப் புதிது இல்லை. வெயில் எந்த நேரத்தில் எந்தச் சுவரில் எப்படி விழும் என்று சாரக்காரனுக்குத் தெரியாமல் இருக்காது.

மூன்றாம் வாரம் அவர் திரையில் பத்துப் பன்னிரண்டு படம் போட்டார். எல்லாம் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. உற்றுப் பார்த்தால் ஒரு தலையின் உருவம்.

"புதுசா வர்றவங்க மட்டும் செய்யற தப்புன்னு நினைக்காதீங்க. இது நான் செஞ்சது. முதல் நாள் சபாவில கச்சேரி எடுத்தேன். உள்ளே வெளிச்சம் கம்மி, அதனால வெளிச்சத்தை நல்லா இழுக்கற மாதிரி ஐ.எஸ்.ஓ.வை ஏத்தி, ஷட்டரை மெதுவா வெச்சிருந்தேன். மறுநாள் காலையில ரோட்டுல ஒருத்தர் சாக்கடைக்குள்ள இறங்கிட்டிருக்கார். பிரமாதமான காட்சி. பழைய செட்டிங்கை மாத்தாமலே வெயில்ல அப்படியே எடுத்துத் தள்ளிட்டேன். அவர் மேலே வந்தப்புறம் பார்க்கறேன், எல்லாம் வெளுத்துப் போச்சு."

"அச்சச்சோ. அப்புறம்?" என்றார் ராஜகோபாலன்.

"அப்புறம் என்ன, கெஞ்சினேன். அண்ணே, இன்னும் ஒரே ஒரு தடவை இறங்குங்கன்னு. பாவம், நல்ல மனுஷன். இறங்கினார்." அடுத்த படத்தைப் போட்டார். போஸ்டரில் இருந்த கபாலி. "இதுதான் எனக்கு டெல்லியில பரிசு வாங்கிக் குடுத்துது. அதனால படம் எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் செக் பண்ணுங்க. எல்லாரும் ரெண்டாவது சான்ஸ் தர மாட்டாங்க."

வகுப்பில் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வாத்தியாரே தப்பைச் சொன்னால் வருகிற சிரிப்பு.

அதுவரை எனக்குத் தெரியாத ஒன்று அன்றைக்குத் தெரிந்தது. ஒரு பட்டனைத் திருப்ப மறந்ததுதான் காரணம். நான் கையைத் தூக்கிக் கேட்டேன். "அந்த ஆளு இப்ப எங்க கீறாரு சார்?"

"தெரியல சேட்டு. ஒரு பிரிண்ட் போட்டுக் குடுக்கணும்னு நினைச்சேன். அட்ரஸ் வாங்காம வந்துட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாது. ஒரு மனிதன் தன்னால் செத்துப்போனது தெரியாமல் மூன்று வருடம் காப்பி குடித்துக்கொண்டு, பரிசு வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். தெரிந்து செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். தெரிந்து செய்கிறவன் நம்மை ஓர் ஆளாகவாவது மதிக்கிறான்.

டிஜிட்டல் படத்துக்குள் மணி இருக்கும். எந்த நாள், எத்தனை மணி, என்ன வேகம் எல்லாம் அதற்குள்ளேயே பதிந்திருக்கும். நாலாம் வாரம் அதைச் சொல்லிக்கொடுத்தார். காட்டச் சொல்லிக் கேட்டேன், காட்டினார். கடைசி வெள்ளைப் படம் ஒன்பது நாற்பத்தெட்டு. பரிசு வாங்கிய படம் பத்து மணி நாலு நிமிடம். பதினாறு நிமிடம். ஒரு மணி நேரம் தள்ளி நிற்கிறவனைப் பதினாறு நிமிடத்தில் இறக்கியிருக்கிறார்.

ரத்னாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல் கேட்டாள்.

"ஒரு போட்டாவுக்கா?"

"ஆமா."

"அந்த ஆளு நல்லா கீறானா?"

"நல்லா கீறாரு."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. செய் என்றும் சொல்லவில்லை. இதில் அவளுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவளை இங்கே கூப்பிட வேண்டாம்.

ஐந்தாம் வாரம் ஃப்ரேம். நாம் முகத்தை மட்டும் பார்ப்போம், ஓரத்தைப் பார்க்க மாட்டோம். பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஓரத்தில் குப்பைத் தொட்டி இருக்கும், பாதி நாய் இருக்கும். அதனால் அழுத்துவதற்கு முன்னால் நான்கு ஓரத்தையும் கண்ணால் ஒரு சுற்று சுற்ற வேண்டும். உறுத்துகிற பொருள் இருந்தால் எடுத்துவிட வேண்டும். அவரால் அதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது என்பதை அன்றைக்குப் பார்த்தேன். ராஜகோபாலன் சாரைப் படம் எடுத்துக் காட்டும்போது, பின்னால் மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கிய ஒரு பிளாஸ்டிக் பையை எடுக்க நாற்காலி மேல் ஏறி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி எடுத்தார். கீழே இரண்டு மாடி. அவர் பையை மட்டும்தான் பார்த்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாரத்தில் ஒரு பலகையை விரித்துவிட்டு இன்னும் கட்டாமல் வைத்திருந்தால், அதற்குப் பக்கத்துக் கழியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைப்போம். சிவப்புத் துணி இருந்தால் அந்தப் பலகையில் கால் வைக்காதே என்று அர்த்தம். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெயிண்டர், கொத்தனார், சித்தாள், எல்லாருக்கும் தெரியும்.

குளத்தின் மேலே சூரியன் வருவதை உயரத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஏழாம் வகுப்பு முடிந்ததும் நானே சொன்னேன். "சார், குளத்தாண்ட ஒரு பில்டிங்ல சாரம் போட்டு கீறோம். மூணாவது மாடி உசரம். ஞாயித்துக்கிழமை வேலை கெடையாது. காலைல வந்தா முழு குளமும் தெரியும்." அவருக்கு என்ன சந்தோஷம். வகுப்பைப் பத்தரைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்.

சனிக்கிழமை எல்லாரும் இறங்கிய பிறகு நான் மறுபடியும் ஏறினேன். மூன்றாவது தட்டில் கிழக்கு ஓரப் பலகை. அதன் வெளிப்பக்கக் கயிற்றை அவிழ்த்தேன். ஒரே ஒரு முடிச்சு. பலகையைக் குறுக்குக் கழியின் நுனிக்கு இழுத்து வைத்தேன். பிறகு ஓரக் கழியில் சிவப்புத் துணியைக் கட்டினேன். கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். குளத்துக்கும் மண்டபத்துக்கும் நேராக இடது மூலையில் துணி வந்தது. இரண்டு விரல் கீழே இறக்கிக் கட்டினேன். இப்போது ஃப்ரேமுக்குள் நன்றாக வந்தது. அந்தப் பலகையில் ஏறாமல் அதை எட்ட முடியாது.

நான் எச்சரிக்கைத் துணியை எடுத்து மறைத்து வைத்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய். நான் கட்டித்தான் வைத்தேன். புதிய துணி.

ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு வந்தார். எனக்கும் சேர்த்து ஃபிளாஸ்கில் காப்பி கொண்டுவந்திருந்தார். ஏறுவதற்குப் பயப்பட்டார், "கீழ பாக்காதீங்க சார், கழியப் பாருங்க, அடுத்த கழியப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி ஏற்றினேன். மேலே போனதும் பயம் போய்விட்டது. வானம் சாம்பலிலிருந்து மஞ்சளுக்கு வந்துகொண்டிருந்தது. குளத்தில் தண்ணீர் அசையாமல் இருந்தது. அவர் இரண்டு படம் எடுத்தார். நின்றார். கேமராவை இறக்கினார்.

"சேட்டு, அந்தச் சிவப்புத் துணி ஃப்ரேம்ல வருது."

"வருதா சார்?"

"நல்ல எடத்துல வந்து நிக்குது பாருங்க, கண்ணைக் குத்தற மாதிரி. அவுத்துடலாமா?"

"உங்க கையாண்டதானே கீது சார். ரெண்டு எட்டு வெச்சா எட்டும்."

அவர் கேட்கவில்லை. சாரத்தின் மேல் ஒரு சிவப்புத் துணி ஏன் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார். முதல் எட்டு நல்ல பலகை. இரண்டாவது எட்டு அந்தப் பலகை.

இதோ, என் கேமரா. மெமரி கார்டு உள்ளேயே இருக்கிறது. முந்தின நாளே பேட்டரி ஏற்றி வைத்தேன். காலையில் எல்லாவற்றையும் செக் பண்ணினேன், அவர் சொல்லிக்கொடுத்த வரிசையில். வெளிச்சம் குறைவு, அதனால் ஐ.எஸ்.ஓ. ஏற்றினேன். அசைகிற பொருளுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம். தொடர்ச்சியாக எடுக்கிற மாதிரி வைத்தேன். ஒன்பது படம் இருக்கும். நாலாவதில் அவர் கை துணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ஏழாவதில் முகம் தெளிவாக இருக்கிறது. எதுவும் ஆடவில்லை, எதுவும் வெளுக்கவில்லை. இன்னொரு தடவை செய்யுங்கள் என்று அவரைக் கெஞ்ச வேண்டிய தேவை எனக்கு வரவில்லை.

பிறகு இறங்கினேன். அவசரப்படவில்லை, சாரத்தில் அவசரப்பட்டால் நாமும் விழுவோம். அவருக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. நான் யார், கபாலி யார், பதினாறு நிமிடம் என்றால் என்ன என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். சொன்னேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. கேட்டிருக்கும். பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்; ஆம்புலன்ஸுக்கு அவர்தான் போன் பண்ணினார்.

இவ்வளவுதான். கபாலி இரண்டாவது தடவை இறங்கக் காரணமாக இருந்தவரை நான் கொன்றேன். யாரும் தூண்டவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் பேனாவை மூடாமல் வைத்திருக்கிறீர்கள்.

மூன்றாவது வகுப்பிலேயே தெரிந்துவிட்டதே, ஏழாவது வரை ஏன் காத்திருந்தாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கற்றுக்கொள்ள வேண்டியது பாக்கி இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஆறாவது வகுப்பு கிராப் பண்ணுவது. எடுத்த படத்தில் வேண்டாததை வெட்டிவிட்டு வேண்டியதை மட்டும் வைப்பது. அதற்கு அவர் கபாலி படத்தின் முழு வடிவத்தைத் திரையில் போட்டார். போஸ்டரில் இருந்தது பாதிதான். வெட்டிய பாதியில், இடது ஓரத்தில், குழிக்கு மேலே இரண்டு கை. நீலக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தது. இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் நிறுத்தி வைத்தார்.

"சேட்டு, இது நீங்களா? மூஞ்சில துண்டு கட்டியிருந்தீங்க, அதான் எனக்கு அடையாளமே தெரியல." அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. காணாமல் போன சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "கயிறு ஃப்ரேம்ல வருதுன்னு நான் சொன்னேன், நீங்க அவுத்தீங்க, ஞாபகம் இருக்கா? அப்ப எனக்குப் புத்தி இல்லை, கையை வெட்டிட்டேன். இப்ப பாக்கறப்ப, இந்தக் கைதான் படமே. கீழ போறவனை மேலேர்ந்து ஒருத்தன் பாத்துக்கறான். பதினாலாம் தேதி என் கண்காட்சி. வாசல்லயே இதை மாட்டறேன், ஆறடிக்கு. அவரையும் குடும்பத்தோட கூட்டிட்டு வாங்க."

"கூட்டிக்கினு வர்றேன் சார்" என்றேன்.

டீ விஷயத்தைக் கொஞ்சம் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். டீ வாங்கப் போனது நிஜம். ஆனால் அதற்கு அப்புறம். அவர் கெஞ்சியபோது கபாலி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "இன்னா ணா, எறங்கட்டா?" என்றான். பெரிய மனிதர் கேட்கிறார், ஒரு நிமிட வேலை, எறங்கு என்றேன். கயிற்றை நான்தான் அவிழ்த்தேன். அவர் படம் எடுத்து முடித்து நன்றி சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டார். கபாலி ஏறப் பார்த்தான். எறங்கினதுதான் எறங்கின, மிச்சத்தையும் வாரி வெச்சிரு, நான் டீ வாங்கிக்கினு வந்து வாளியத் தூக்குறேன் என்று சொன்னேன். கயிற்றை மறுபடியும் கட்டவில்லை. டீக்கடையில் கூட்டமாக இருந்தது.

ஆனால் அவிழ்க்கச் சொன்னது அவர். அவர் அந்தப் பட்டனைத் திருப்பியிருந்தால் இது எதுவும் இல்லை. நீங்கள் எப்படிப் பார்த்தாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

ராஜகோபாலன் சார் நல்லவர். வாத்தியார் ஞாபகமாகக் கண்காட்சியை வகுப்பில் இருந்தவர்களே நடத்துகிறார்கள். நேற்று வகுப்பு ஃபாரத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்துப் பெரும்பாக்கம் வரைக்கும் வந்து, ஆறு மாடி ஏறி, ரத்னா கையில் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் வீட்டில் அந்தப் போஸ்டரைப் பார்த்து யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் வீட்டுக்காரர் படம்தான் வாசலில் இருக்கும், முழுப் படம், போஸ்டரில் வராததும் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். அவள் நாளைக்கு லீவு போட்டிருக்கிறாள். புடவையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாளைக்குப் பதினாலு. அன்வர் பாஷாவை விட்டுவிடுங்கள். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், எனக்கு வக்கீல் வேண்டாம். ஒரு போன் மட்டும் பண்ணி, அந்த ஒரு படத்தை மாட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போலீஸ் சொன்னால் கேட்பார்கள். நான் செய்தது அத்தனையும் கபாலிக்காகச் செய்தது. அந்தப் படத்துக்கும் இந்த வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.